வலைக்கூடத்துக்கு ஒரு சரிவுப் பாதை: 27 அங்குலம் ஏற ஒன்றரை வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் சக்கர நாற்காலியில் மூன்றாவது தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் தள்ளவில்லை, யாரும் தூக்கவில்லை, அவர் வந்ததை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி யாரும் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய நிறைவு. அவர் தானாக உள்ளே வருவதற்குச் சரிவுப் பாதை போட்ட இந்த வேலையில் நாங்கள் வழி தவறிய இடங்கள் நிறைய. அதே தப்பை இன்னொரு ஊர்க்காரர் காசு போட்டுச் செய்ய வேண்டாம் என்றுதான் அளவு, செலவு எல்லாவற்றையும் நோட்டில் இருந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த கரை. ஊருக்குப் பொதுவாக இருக்கிற ஒரே கட்டடம் வலை பின்னுகிற கூடம். 40 அடிக்கு 20 அடி, தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. காலையில் வலை, மதியம் மகளிர் குழு, சாயங்காலம் பிள்ளைகள் படிப்பு, தடைக்கால நிவாரணத்துக்குப் படிவம் எழுதுவது, புயல் செய்தி கேட்பது எல்லாமே அங்கேதான். புயல் நேரத்தில் கடல் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று தரையை 27 அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏற மூன்று படி, ஒவ்வொன்றும் 9 அங்குலம், பிடிக்க ஒன்றும் கிடையாது.

அண்ணன் சங்கு குளித்தவர். கம்ப்ரசர் காற்றில் ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் உடம்பில் கரைந்த காற்று குமிழ் போட்டுவிடும். அப்படித்தான் அவருக்கு இடுப்புக்குக் கீழே போனது. ஆரம்பத்தில் கூட்டம் என்றால் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் வைப்போம். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "தூக்கி வைக்கவும் இறக்கி வைக்கவும் நான் என்ன வலை மூட்டையா" என்றார். அதற்கு அப்புறமும் ஆறு வருடம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான் படகு இன்ஜின் மெக்கானிக். ஸ்பேனர், வெல்டிங், கொஞ்சம் ஃபைபர் ஒட்டுவது தெரியும். கொத்து வேலை தெரியாது.

போன வருடம் தை மாதம் ஊர்ப்பணத்தில் முதல் சரிவைப் போட்டோம். வந்த கொத்தனார் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்து 12 அடி நீளம் போதும் என்றார், எனக்கும் அது போதும் போலத்தான் தெரிந்தது. நாலு நாளில் வேலை முடிந்தது, செலவு 14,500 ரூபாய். சிமெண்ட் பால் ஊற்றி மொழுமொழுவென்று தேய்த்துக் கொடுத்திருந்தார், பார்க்க அழகாக இருந்தது. பத்து நாள் கழித்து அண்ணன் தன் சக்கர நாற்காலியில் ஏறினார். பாதி தூரம் போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன, நான் பின்னால் நின்று பிடித்திருக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பார். கீழே இறக்கிய பிறகு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இது எனக்குப் போட்டது இல்ல. ஐஸ் பெட்டி ஏத்துறதுக்குப் போட்டது."

சொன்னது அப்படியே உண்மை. அடுத்த நாளிலிருந்து ஐஸ் பெட்டி வண்டிகள்தான் அதில் ஏறின.

கணக்கு அப்புறம்தான் பார்த்தேன். 12 அடிக்கு 27 அங்குலம் என்றால் அடிக்கு இரண்டே கால் அங்குலம் ஏறுகிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு அளவுகளில் சரிவு 12க்கு 1 என்று இருக்கிறது, அதாவது அடிக்கு ஓர் அங்குலம். 27 அங்குலம் ஏற 27 அடி வேண்டும். அகலம் குறைந்தது 1,200 மில்லிமீட்டர், நம் கணக்கில் நாலு அடி. கைப்பிடி இரண்டு உயரத்தில், 760, 900 மில்லிமீட்டர், சுமாராக 30 அங்குலமும் 36 அங்குலமும். இதை ஓர் இளநிலைப் பொறியாளர் தம்பி போனில் அனுப்பினான். முதலிலேயே கேட்டிருந்தால் 14,500 மிச்சம்.

27 அடி நேராகப் போட்டால் வலை உலர்த்துகிற இடத்துக்குள் போகும் என்று ஊரில் பேச்சு வந்தது. அதனால் மூலையில் திருப்பினோம். கீழேயிருந்து 14 அடி, நடுவில் 5 அடிக்கு 5 அடி சமதளம், அங்கேயிருந்து 13 அடி. முதல் துண்டில் 14 அங்குலம், இரண்டாவது துண்டில் 13 அங்குலம் ஏறும். இந்தத் திருப்பம்தான் எங்களுடைய இரண்டாவது பெரிய தப்பு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலை ஆரம்பித்தது ஏப்ரல் 15க்கு அப்புறம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், ஆள் கிடைக்கும். எனக்கு மட்டும் அதுதான் இன்ஜின் பிரித்து மாட்டுகிற நேரம், ராத்திரிதான் கணக்குப் பார்க்க முடிந்தது. மட்டம் பிடிக்க ரசமட்டம் போதாது, இவ்வளவு நீளத்துக்கு டியூப் மட்டம்தான் சரி. 40 அடி வெள்ளை டியூபில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்தோம், வெயிலில் தண்ணீர்க்கோடு தெரிவதற்காக. டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். முதல் நாள் அரை அங்குலம் தப்பாக வந்தது அதனால்தான், டியூபை முழுக்கக் கையில் தடவி ஒவ்வோர் அடியாகக் குமிழியை வெளியேற்றினோம். அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் ஏற்றிக் குறித்து நூல் கட்டினோம்.

பழைய சரிவை உடைத்த கல்லும் கட்டியும் அப்படியே உள்ளே நிரப்பப் பயன்பட்டது. பக்கச் சுவருக்கு 6 அங்குல ஹாலோ பிளாக் 90. நிரப்பின மண்ணை மூன்று தடவையாகத் தண்ணீர் விட்டுக் கெட்டித்தோம், ஒரே தடவையில் கொட்டியிருந்தால் பின்னால் அமுங்கி மேல்தளம் வெடிக்கும். மேலே 4 அங்குலம் கான்கிரீட். புதுக் கொத்தனார் நல்ல மனிதர், ஆனால் அவரும் ஒருமுறை, "கரையில மணல் கிடக்கே, எதுக்கு எம்சாண்டுக்குக் காசு" என்று கேட்டார். எம்சாண்ட் என்றால் கல்லை உடைத்துச் செய்கிற மணல். எங்கள் தெருவில் கடல் மணலில் பூசின வீட்டுக் கூரையில் கம்பி உப்பிச் சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்ததை அழைத்துப் போய்க் காட்டினேன். கலக்குகிற தண்ணீரும் லாரித் தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்ததும் அதே தண்ணீர்.

மேல்பரப்பை மணியாசுக் கட்டையால் (கொத்தனார் தேய்க்கிற மரப்பலகை) தேய்த்ததோடு நிறுத்தி, ஈரம் இறுகும்போது தென்னை விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துவிட்டோம். அந்தக் கோடுதான் பிடிப்பு. கோடு ஏறுகிற திசையில் போனால் பயனில்லை, குறுக்காகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் 4 அங்குல வரம்பு, சக்கரம் நழுவாமல் இருக்க. சிமெண்ட் 16 மூட்டை, பிளாக், எம்சாண்ட், ஜல்லி, ஆறு நாள் கொத்தனார் ஒருவர் சித்தாள் இரண்டு பேர் கூலி, எல்லாம் சேர்த்து 36,950.

அண்ணனின் சக்கர நாற்காலியை அவர் தம்பி மகன் வீட்டிலிருந்து எடுத்து வந்தான். தானாக ஏறினார், சமதளத்தில் திரும்பினார், மேலே வந்தார். எல்லாருக்கும் சந்தோஷம். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

நான் போய்க் கேட்டேன். வாசலில் அவர் கையால் சுற்றி ஓட்டுகிற மூணு சக்கர வண்டி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சக்கர நாற்காலி வீட்டுக்குள் புழங்குவது. வெளியே, கடைக்கு, சர்ச்சுக்கு, கரைக்கு எல்லாம் அவர் போவது மூணு சக்கர வண்டியில். வருடக்கணக்காக அதே வண்டியில்தான் எங்கள் கடை முன்னால் போகிறார், நானே செயின் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த வண்டி 5 அடிச் சமதளத்தில் திரும்பாது. நான் டேப் எடுத்து ஊரெல்லாம் அளந்தேன், அவர் வண்டியை அளக்கவில்லை.

இரண்டாவது, மணல். ரோட்டு ஓரத்திலிருந்து சரிவு ஆரம்பிக்கிற இடம் வரை 42 அடி கடற்கரை மணல். நாற்காலியின் முன்சக்கரம் கையகலம்தான் இருக்கும், மணலில் வைத்த உடனே புதையும். அன்றைக்குப் பையன் தூக்கிக்கொண்டு வந்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை.

இதற்கு அப்புறம் ஒரு முடிவு செய்தோம்: இனிமேல் கோடு போடுவதென்றால் அண்ணன் வண்டியோடு அந்த இடத்தில் நின்ற பிறகுதான்.

மணலுக்கு முதலில் பனஞ்சட்டம் போட்டோம். ஊரில் பனை விழுந்தால் சட்டம் சும்மாவே கிடைக்கும். நீளவாக்கில் நாலு சட்டம் வைத்தோம், இடையில் ஓர் அங்குலச் சந்து. முன்சக்கரம் சரியாக அந்தச் சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. குறுக்கே மாற்றிப் போட்டோம், சக்கரம் போனது, ஆனால் ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஒவ்வொரு சட்டமும் ஒவ்வோர் உயரத்தில் நின்றது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலோரம் வரை போக மரப்பாதை திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி சேதமாகி, அப்புறம் சரிசெய்தார்கள். அங்கே மரம் சரிதான், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எங்களுக்கு முடியாது என்று 42 அடிக்கும் 4 அடி அகலத்தில் கான்கிரீட்டே போட்டோம், ஆறு அடிக்கு ஒரு வெட்டுக்கோடு விட்டு. மணலைவிட மூன்று அங்குலம் உயரம், இரண்டு ஓரத்திலும் மணல் அணைத்துவிட்டது. 15,000 ஆனது.

ஆடியில் கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தது. காலையில் வந்து பார்த்தால் பாதையையே காணோம், மேலே நாலு விரல் மணல். தினமும் பெருக்கினோம், தினமும் மூடியது. சரி, வேலி போடலாம் என்று பாதையை ஒட்டியே பனையோலையை நெருக்கமாக வைத்துக் கட்டினோம். மணல் இன்னும் அதிகமாக விழுந்தது. கரையில் கடல்பாசி உலர்த்துகிற பெரியம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "காத்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்துதானே மூச்சு விடும், அங்கதானே மணல போடும்" என்றார். அவர் சொன்னபடி வேலியைப் பாதையிலிருந்து 20 அடி தள்ளிக் காற்று வருகிற பக்கம் வைத்து, ஓலைக்கு ஓலை நாலு விரல் சந்து விட்டுக் கட்டினோம். மணல் வேலியடியிலேயே மேடு போட்டு நின்றுவிட்டது. மழைக்காலத்தில் அந்த மேட்டில் அடப்பங்கொடியைப் பதித்துவிட்டோம், இப்போது பிடித்துக்கொண்டது. பெருக்குவது வாரம் ஒரு தடவை போதும்.

மூணு சக்கர வண்டிக்கு வேறு வழி செய்தோம். சரிவின் அடியில் 8 அடிக்கு 6 அடிக்கு ஓலைப் பந்தல், வண்டி நிற்க. அதற்குள் ஒரு சக்கர நாற்காலி எப்போதும் இருக்கும், அது ஊர்ப்பொது, ஒரு வீட்டில் சும்மா இருந்ததைக் கொடுத்தார்கள். வண்டியிலிருந்து நாற்காலிக்கு மாறக் கைக்குப் பிடி வேண்டும். அந்தப் பிடியின் உயரம் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை, அண்ணன் வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டி எங்கே அழுத்தினால் உடம்பு எழும்புகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டோம். 29 அங்குலம் வந்தது.

இப்போது கைப்பிடி. மூன்று மாதம் இதிலேயே போனது. வழுவழுவென்று எவர்சில்வர் பைப் போடலாம் என்று பலர் சொன்னார்கள். கடலோரத்தில் 202 ரகம் சீக்கிரமே பழுப்புப் பிடிக்கும், 304 கூட வெல்டிங் ஓரத்தில் கறை போடும், 316 தாங்கும், ஆனால் விலை எங்களுக்கு எட்டாது. காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு என்பார்கள், 202லும் காந்தம் ஒட்டாது, அது சோதனையே இல்லை. நான் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய் வாங்கினேன், ஒன்றேகால் அங்குலம், தூணும் சேர்த்து 170 அடி, 13,200.

நடுப்பகல் வெயிலில் பைப்பில் கை வைக்க முடியவில்லை. அதற்கு வழியாகப் பழைய நைலான் வலைக்கயிற்றைச் சுற்றினோம், நெருக்கமாக, வலை முடிக்கிற பையன்கள் கை அழகு அதில் தெரிந்தது. அந்தப் பாசி பெரியம்மாவுக்குக் கண் புரை, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம் பெண்கள் பாசி எடுக்கப் போகும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள், அப்படி ஐம்பது வருடம் தண்ணீருக்குள் தடவித் தடவியே வேலை செய்த கை அவருடையது. கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏறுற எடத்துல ஒரு முடிச்சு, திரும்புற எடத்துல ரெண்டு, மேல போனதும் மூணு போட்டு வைய்யா, நான் யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றார். போட்டோம். அடுத்த நாளே கையில் பாசிச் சாக்கோடு தனியாக ஏறி வந்தார்.

வாடைக்காற்று முடிகிற நேரத்தில் அவர்தான் கண்டுபிடித்தார். "கயிறு உப்புது, உள்ள நறநறங்குது." வெட்டிப் பார்த்தால் கயிற்றுக்கு அடியில் பைப் முழுக்கச் செந்துரு. வெளியே தெரிகிற பைப்பில் ஒன்றுமில்லை, கயிறு சுற்றின இடத்தில் மட்டும். உப்புத் தண்ணீரைக் கயிறு குடித்து வைத்துக்கொண்டு காயவே விடவில்லை. தூண் கான்கிரீட்டுக்குள் இறங்குகிற இடத்திலும் அதே கதை.

மாசியில் எல்லாவற்றையும் அவிழ்த்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, படகுக்கு ஒட்டுகிற மாதிரியே ஃபைபர் சுற்றினேன். இது எனக்குத் தெரிந்த வேலை, முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. 300 மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பு இரண்டு சுற்று, மேட் 5 கிலோ, ஒட்டுகிற ரெசின் 12 கிலோ. மேட்டை நாலு அங்குல நாடாவாக வெட்டிக்கொண்டால் பைப்பில் மடிப்பு விழாது. எங்கள் வெயிலில் கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கிற ஹார்டனர் 10 மில்லிக்கு மேல் போடக் கூடாது, போட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும். அதனால் ஒரு தடவைக்கு அரைக் கிலோதான் கலந்தேன், காலை ஏழு மணிக்குள். ஒன்று முக்கியம்: இறுகுவதை விரைவாக்குகிற கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் விட வேண்டும், இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தூணின் அடியில் கான்கிரீட்டை இரண்டு அங்குலம் கொத்தி அதற்குள்ளிருந்தே மேட்டை ஏற்றினேன்.

முடிச்சு போய்விடுமே என்று பெரியம்மா கவலைப்பட்டார். 8 மில்லிமீட்டர் கயிற்றில் வளையம் செய்து மேட்டுக்கு அடியில் வைத்து ஒட்டினேன், ஒன்று, இரண்டு, மூன்று. விரலில் மேடாகத் தட்டுப்படும். கடைசிப் பூச்சில் படகுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் நிறம் கலந்தோம், ஓர வரம்புக்கும் அதே மஞ்சள். கண் மங்கலானவர்களுக்குச் சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் கோடு தெரிகிறது. செலவு 3,600. இப்போது நடுப்பகலிலும் பிடிக்க முடிகிறது, துரு வந்தாலும் வெளியிலிருந்து வர வழியில்லை.

உள்ளே செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவர் ஓரம் 18 அங்குல உயரத்தில் திண்ணை, முட்டி வலிக்காரர்கள் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கூட்டத்துக்கே வராமல் இருந்தார்கள். திண்ணையைத் தொடர்ச்சியாகக் கட்டாமல் மூன்றாவது தூண் பக்கத்தில் 3 அடி இடைவெளி விட்டோம், நாற்காலி வரிசைக்குள்ளேயே நிற்க, ஓரத்தில் தனியாக இல்லை. பெண்கள் அதுவரை வெளியே மணலில் உட்கார்ந்துதான் கூட்டம் கேட்பார்கள், கூடம் முழுக்க வலை கிடக்கும். நாலு மணிக்கு மேல் வலையெல்லாம் கடல் பக்கக் கொடியில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவானது. இது பைசா செலவில்லாத வேலை, ஆனால் இதற்குத்தான் அதிக நாள் பேச வேண்டியிருந்தது.

கழிப்பறை பின்னால் நாலு சின்ன அறைகள், கதவு இரண்டு அடி. இரண்டை இடித்து ஒன்றாக்கி ஏழுக்கு ஆறரை அடி வந்தது. கதவு மூன்று அடி, வெளியே திறக்கிற மாதிரி, உள்ளே யாராவது விழுந்தால் கதவை அடைத்துக்கொள்ளக் கூடாது. மேலை நாட்டு இருக்கை 18 அங்குலம், பக்கத்தில் ஃபைபர் சுற்றின பிடி, குழாய்கள் பிளாஸ்டிக், தாழ்ப்பாள் முஷ்டியால் தள்ளினாலே நகர்கிறது. 31,000. எல்லாருக்கும் பொதுவாக ஒரே அறை போதும் என்று நான் நினைத்தேன், பெண்கள் தங்களுக்குத் தனியறை அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள், அதுதான் சரி. ஆண், பெண், மூன்றாவதாகப் பெரிய அறை. அதன் கதவில் 'எல்லாருக்கும்' என்று எழுதியிருக்கிறது. கருவாடு வியாபாரம் செய்கிற திருநங்கை தங்கச்சி, இதுவரை கூட்டம் நீண்டால் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், காரணம் என்ன என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. இப்போது கடைசி வரை இருக்கிறாள், போன மாதம் கணக்கு வாசித்ததே அவள்தான்.

இன்னொன்று, காது கேட்காத, பேச முடியாத தம்பி. ஊரில் அவனை மாதிரி கிழிந்த வலையைச் சேர்க்க ஆள் கிடையாது. கூட்டத்தில் எப்போதும் தலை குனிந்து வலையையே பார்த்துக்கொண்டு இருப்பான், அவனுக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்திருந்தோம். அவன் அக்காதான் சொன்னாள்: பேசுகிறவர் தலைக்குப் பின்னால் டியூப்லைட், முகம் இருட்டு, உதடு தெரியாமல் அவன் எதைப் பார்ப்பான் என்று. விளக்கைக் கழற்றி எதிர்த் தூணில் மாட்டினோம், அரை மணி நேர வேலை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எங்கள் கூடத்து மைக்கில்தான் அறிவிப்பார்கள், அதுவும் அவனுக்குப் போய்ச் சேராது. படகில் வைக்கிற 12 வோல்ட் சிவப்பு மின்னல் விளக்கு ஒன்றை மைக் சுவிட்சோடு சேர்த்துக் கூரை முனையில் வைத்தேன், மைக் போட்டால் அது மின்னும், கரையில் எங்கிருந்தாலும் தெரியும். இரண்டு விளக்கும் சேர்த்து 2,750.

அவன் பெயரைப் பற்றியும் எழுத வேண்டும். கூட்டப் பதிவேட்டைப் புரட்டும்போது வருகைப் பட்டியலில் அவன் பெயருக்குப் பதிலாக 'ஊமையன்' என்று இருந்தது, பல பக்கத்தில், என் கையெழுத்தில். ஊரெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்பது காரணமாகாது. அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும், ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். எல்லாப் பக்கத்திலும் அடித்துப் பெயரை எழுதினேன், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து வந்து கையால் ஸ்பேனர் திருகுகிற மாதிரி காட்டி என்னைத் தொட்டான். அதுதான் அவன் கை மொழியில் என் பெயராம், வெகு நாளாகவே அவன் வீட்டில் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது பையன்கள் எல்லாரும் அவனிடம் தங்களுக்கு என்ன பெயர் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வாய்ப்பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவர் உடனே திருத்துகிறார்.

மொத்தக் கணக்கு: உடைத்த சரிவு 14,500, புதுச் சரிவு 36,950, மணல் பாதை 15,000, பைப் 13,200, ஃபைபர் 3,600, கழிப்பறை 31,000, விளக்கு 2,750. கூட்டினால் 1,17,000. திண்ணைக்குப் பிளாக்கும் சிமெண்டும் வீடு கட்டி மிஞ்சியவர்கள் கொடுத்தது, பந்தல் ஓலை ஊரிலேயே வெட்டியது, ஃபைபர் ஒட்டினது என் உழைப்பு, அவை கணக்கில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது, பொதுக் கட்டடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று. கட்டும்போதே செய்திருந்தால் இதில் கால்வாசிதான் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

திரும்பச் செய்வதானால் திருப்பம் வைக்க மாட்டேன். நேராக 27 அடி, அகலம் 5 அடி, மூணு சக்கர வண்டியே உள்ளே வரை வரட்டும். வலை உலர்த்துகிற இடம் போகும் என்று அப்போது சொன்னவர்களே இப்போது அந்த இடத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறோம் என்கிறார்கள். ஓலைப் பந்தல் அடுத்த வாடையைத் தாங்குமா தெரியவில்லை, பைப்பில் மாற்ற வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை, பழைய வலையை அடுக்கடுக்காகக் கட்டிப் பார்த்தேன், கொஞ்சம்கூடக் குறையவில்லை, அவிழ்த்துவிட்டேன். தென்னை நார்ப் பாய் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மீன் ஏலக் கூடம். அங்கே ஒரே படி, 9 அங்குலம், நேராக 9 அடி போதும். நேற்றுக் காலை ஏலம் முடிந்ததும் அண்ணன் வண்டியில் வந்து நின்றார், பெரியம்மாவும் வந்தார், தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தான். வண்டி எங்கே திரும்புகிறதோ அங்கேயெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது. எம்சாண்ட் லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது.